முள்ளங்கியைப் பிடுங்க வேண்டாம்

பிப்ரவரி 9, ஞாயிறு

போர் மூண்டுவிட்டது! காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன், அழைப்பு மணி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் கோதண்டராமன் சார் வாசலில் நின்றார். கையில் நோட்டீஸ், முகத்தில் வங்கி மேனேஜராக இருந்த காலத்துச் சிரிப்பு.

ஓசூரில் உள்ள குடியிருப்புகளுக்குள் வசந்தப் பூந்தோட்டப் போட்டி வைக்கிறார்களாம். ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி நடுவர் வருகிறார். அதற்குள் தரைத்தளத்து வீடுகளின் முன்னால் இருக்கும் மண் எல்லாம் பூந்தோட்டமாகிவிட வேண்டும். ஆகாத இடத்தில் டைல்ஸ் போட்டு ஸ்கூட்டர் நிறுத்திவிடுவார்கள். ஆகாத இடம் எங்கள் வீடு ஒன்றுதான் என்பதை நோட்டீசில் எழுதவில்லை, வாயால் சொன்னார்.

"எல்லாரும் பெட்டூனியா, சாமந்தின்னு அழகா வச்சிருக்காங்க மேடம். உங்க வீட்டு முன்னாடி வந்தா மட்டும் காய்கறி மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு."

"மார்க்கெட்ல இவ்வளவு புதுசா கிடைக்குமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"அன்னைக்குப் பூ இருந்தாப் போதுமா சார்?"

"போதும். தோட்டம் நிறையப் பூ இருக்கணும்."

"இருக்கும். ஆனா செடிய மாத்த மாட்டேன்."

"கத்திரிச் செடிய வச்சுக்கிட்டா? சரி, நடுவர் அம்மா பார்த்துட்டு இது பூந்தோட்டம்னு சொல்லட்டும், நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன். சொல்லலேன்னா அடுத்த வாரமே டைல்ஸ் ஆள் வந்துருவான்." படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "சார் எங்கே, ஆளையே காணோம்?" என்றார்.

"லீவுல இருக்கார் சார்."

"இன்னுமா?"

என் வீட்டுக்காரர் தீபாவளியிலிருந்து லீவில்தான் இருக்கிறார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. காலையிலும் மாலையிலும் அந்த மண்ணுக்குத் தண்ணீர் விட மட்டும் தானாக எழுந்து வருகிறார். அதிலும் டைல்ஸ் போட்டுவிட்டால் எதற்கு எழுந்து வருவார்? இதற்கு மேல் இன்று எழுத வேண்டாம். இட்லி கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

திட்டம் தயார்! சாப்பிடாமல் விட்டால் எந்தக் காய்கறியும் பூத்துத்தானே ஆக வேண்டும்? முள்ளங்கியைப் பிடுங்காமல் விட்டால் பூக்கும். வெங்காயம் பூக்கும். கொத்தமல்லி பூத்தால் வெள்ளைச் சரிகை போட்டது போல இருக்கும், சேலத்தில் அம்மா வீட்டு மாடித் தொட்டியில் பார்த்திருக்கிறேன். நாம்தான் அவற்றைப் பூக்க விடாமல் குழம்பில் போட்டுவிடுகிறோம்.

அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி கடுகை எடுத்துக் கம்பி வேலி ஓரமாகத் தூவினேன். தாளிக்க வேண்டிய கடுகு தோட்டத்துக்குப் போகிறது. அவர் தண்ணீர் விட வந்தபோது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கடுகு தூவிய இடத்துக்கும் தண்ணீர் விட்டார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

வெண்டையும் கத்திரியும் வேறு ஜாதி. அவற்றில் காயை விட்டுவைத்தால் செடி பூப்பதை நிறுத்திவிடும். பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். ஆகவே முள்ளங்கியைத் தொடக்கூடாது, வெண்டையைத் தொடாமல் இருக்கக்கூடாது.

விளைவு: திங்கள் வெண்டைக்காய்ப் பொரியல், செவ்வாய் புளிக்குழம்பு, புதன் மோர்க்குழம்பு. வியாழன் பொடிப்பொடியாக நறுக்கி மொறுமொறுவென வறுத்துத் தயிர்ப் பச்சடி. வெள்ளிக்கிழமை கத்திரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்து கொஞ்சம் மூச்சு வாங்கினோம். சனிக்கிழமை மறுபடி வெண்டை. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு நறுக்கி, வதங்கும்போது ஒரு கரண்டி தயிர் விட்டால் கொழகொழப்பு அடங்கிவிடுகிறது. என் அலுப்புக்கு அப்படி ஒரு வைத்தியம் இல்லை.

அவர் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார். சுளித்தால்கூட நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 22, சனி

மானம் போயிற்று. அவருக்கு முள்ளங்கி சாம்பார் என்றால் உயிர். அதனால் முக்குக் கடையில் முள்ளங்கியும் கொத்தமல்லியும் வாங்கப் போனேன். எதிர்வீட்டு லூர்து அக்காவும் அங்கே நின்றார். திண்டுக்கல்காரர், மனசும் குரலும் ஒன்றுபோல் பெரியவை.

"ஏம்புள்ள சாந்தா, வாசல் நிறைய முள்ளங்கிய வச்சிக்கிட்டு இங்க வந்து காசு குடுத்து வாங்குற? பித்துப் பிடிச்சிருச்சா?"

கடையே திரும்பிப் பார்த்தது. ரகசியத்தைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அக்காவிடம் சொன்னால் மூன்றாவது மாடி வரை கேட்கும், செயலாளர் இருப்பது இரண்டாவது மாடி. சிரித்து மழுப்பிவிட்டேன்.

வரும் வழியில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, தம்பி வேலை பார்த்த கம்பெனியில் பெரிய பூட்டாகத் தொங்குகிறதாமே, மருமகன் பார்த்துவிட்டு வந்து சொன்னான் என்றார். வேறு கம்பெனியாக இருக்கும் என்றேன். இவர் லீவில்தான் இருக்கிறார்.

மார்ச் 1, சனி

அதிசயம்! பாத்திரம் தேய்க்க என்று சமையலறை ஜன்னலில் காயப் போட்டிருந்த பீர்க்கங்காயைக் காணோம். தேடிக்கொண்டு வெளியே போனால் அவர் கையில் இருக்கிறது. உடைத்து, கறுப்பு விதைகளை உள்ளங்கையில் உதிர்த்து, வேலி ஓரம் விரலால் குழி குத்திப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுரை விதை வேறு, அதை எங்கிருந்து பிடித்தாரோ.

"இப்பப் போட்டா போட்டிக்குள்ள பூக்குமாங்க?"

தோளைக் குலுக்கினார். ஆனால் நாற்காலியைக் கூடத்திலிருந்து தூக்கி வந்து தோட்டத்தில் போட்டுக்கொண்டார். அதில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். வெயில் உடம்புக்கு நல்லது.

மார்ச் 6, வியாழன்

லூர்து அக்கா என் தலையில் கல்லைப் போட்டுவிட்டார்!

ரேஷன் கடையிலிருந்து வருகிறேன், வாசலில் முள்ளங்கிப் பாத்தி மொட்டையாகக் கிடக்கிறது. அக்கா கூடை நிறைய முள்ளங்கியோடு பெருமையாக நிற்கிறார். முதல் மொட்டு நேற்றுத்தான் நடுக்குருத்தில் எட்டிப் பார்த்திருந்தது.

"எல்லாம் முத்தி நார் கட்டுது புள்ள. தம்பிக்கு மனசு சரியில்லாம கெடக்கு, நீ பார்க்க நேரமில்லாம அல்லாடுற, அதான் நானே புடுங்கிட்டேன். ஒண்ணு மிச்சமில்ல, பாரு!"

பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். முள்ளங்கிக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று அக்கா திகைத்துப்போனார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, டைல்ஸ், நாற்காலி, எல்லாம். அக்கா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு தானும் அழ ஆரம்பித்தார்.

எங்கள் அழுகைக்கு நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாந்தா, அருவாமனையக் கொண்டா."

நாலு மாதத்தில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் இது. நான் எழுந்து ஓடினேன்.

அவர் முள்ளங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வெளி இலைகளைக் கழித்தார், குருத்தைத் தொடவில்லை. கிழங்கைச் சரிபாதியாக வெட்டினார். கீழ்ப்பாதியை என் பக்கம் தள்ளினார், குருத்தோடு இருந்த மேல்பாதியை மண்ணில் ஊன்றினார்.

"கோபில எங்கப்பா வெதைக்கு உடறப்ப இப்படித்தான் நடுவாருங்க்கா. புடுங்கிப் பாத்து, நல்லதாப் பொறுக்கி, மறுபடி நடுவாரு. சாகாது." இதை அவர் சொன்னது லூர்து அக்காவிடம். அழாதீங்க என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

இருட்டும் வரை மூவரும் நட்டோம். கழித்த இலையைப் பாசிப்பருப்போடு பொரியல் செய்தேன், கீழ்ப்பாதிகளை சாம்பாரில் போட்டேன். ஒரே நார்! இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அவர் நகக்கண்ணில் மண் இருந்தது. கையைச் சரியாகக் கழுவச் சொல்லி நான் சண்டை போடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

லூர்து அக்கா பிராயச்சித்தமாக ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, குச்சியில் கட்டிப் பாத்தியில் நட்டிருக்கிறார்: 'முள்ளங்கியைப் பிடுங்க வேண்டாம்.' பிடுங்கியது அவர் ஒருத்திதான்.

மார்ச் 15, சனி

முள்ளங்கி துவண்டு படுத்திருந்தது, இன்று தலையைத் தூக்கிவிட்டது. கடுகு முழங்கால் உயரம். பீர்க்கும் சுரையும் வேலியைப் பிடித்துக்கொண்டன. அவர் மொட்டை மாடியிலிருந்து பழைய கொடிக்கயிறு எடுத்து வந்து இழுத்துக் கட்டினார். மொட்டை மாடிக்குப் போய் வந்திருக்கிறார்! நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் உள்ளே போய்விடுவாரோ என்று பயம்.

மார்ச் 27, வியாழன்

பூத்தது பூத்தது பூத்தது! முள்ளங்கிப் பூ! நாலே நாலு இதழ், வெள்ளை, ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் தொட்டு வைத்தது போல. நாற்பத்தாறு வயது வரை முள்ளங்கி தின்றிருக்கிறேன், அதன் முகத்தை இன்றுதான் பார்த்தேன். லூர்து அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் பூவுக்கு சிலுவை போட்டார்.

கடுகும் மஞ்சள் காட்டத் தொடங்கிவிட்டது. கொத்தமல்லி குடை விரிக்கிறது. வெங்காயத் தாள் உச்சியில் ஒரு பந்து. ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை, கடைக்கு நான்தான் ஓட வேண்டும். ஓடுகிறேன், எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடுகிறேன்!

ஏப்ரல் 5, சனி

செயலாளர் நடைப்பயிற்சியில் எங்கள் வாசலில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். தேனீ வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "குழந்தைகளைக் கொட்டப் போகுது மேடம்" என்றார். வேறு குறை கண்டுபிடிக்க முடியவில்லை! அவருடைய பெட்டூனியாவில் ஒரு தேனீகூட உட்காரவில்லை என்று லூர்து அக்கா துப்பறிந்து வந்து சொன்னார்.

மூலையில் படர்ந்திருக்கும் பறங்கிக் கொடியின் பூ விடியற்காலையில் கைப்பிடி அளவுக்கு விரிகிறது, பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொள்கிறது. வெண்டைப் பூவும் வெயிலேறினால் சுருண்டுவிடும். நல்லவேளை, நடுவர் காலை எட்டு மணிக்கு வருகிறார். பீர்க்குதான் ஏமாற்றிவிட்டது. வேலி முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பச்சை மொட்டு, ஒன்றாவது வாயைத் திறந்தால்தானே. அவரிடம் சொன்னேன்.

"தெறக்கும்" என்றார்.

ஏப்ரல் 12, சனி

நாளை! கை கால் ஓடவில்லை. களை பிடுங்கியாயிற்று, கம்பிவேலியைத் துடைத்தாயிற்று. கத்திரிக்காய், வெண்டைக்காய் எல்லாவற்றையும் பறித்து அவியல் வைத்தேன். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துத் தயிரோடு கலந்து, கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெய். அவர் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொறச்சலு" என்றார்.

உப்புக் குறைச்சல்! அஞ்சு மாதமாக என்ன போட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். எனக்கு வந்த சந்தோஷத்தில் உப்பு ஜாடியையே தூக்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதலில் இருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலையும் வாலும் புரியாது.

காலை ஏழு மணிக்கு எங்கள் தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பறங்கி அத்தனையும் ஆரஞ்சு, வெண்டை மஞ்சளும் நடுவில் கருஞ்சிவப்புமாக, கடுகும் முள்ளங்கியும் காற்றில் ஆட, கொத்தமல்லி வெள்ளை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றேன். எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. செயலாளர் போனும் கையுமாக வந்தார்.

"நடுவர் அம்மாவோட கார் வழியிலேயே நின்னுபோச்சாம் மேடம். சாயங்காலம்தான் வருவாங்களாம்."

சாயங்காலம்! பத்து மணிக்குப் பறங்கிப் பூ ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. மதியத்துக்குள் வெண்டைப் பூவும் சுருண்டது. ஓசூர் வெயில் இன்று பார்த்து வேலூர் வெயிலாகிவிட்டது. கொத்தமல்லி தலை சாய்ந்தது, கடுகு பாதி உதிர்ந்தது. முள்ளங்கிப் பூ மட்டும் விடாப்பிடியாக நின்றது, ஆனால் துவண்டு நின்றது. மூடிய ஆண் பறங்கிப் பூக்களைப் பறித்துக்கொண்டு போய் சமையலறையில் வைத்துவிட்டு அழுதேன். அவர் கதவருகே வந்து பார்த்தார். பிறகு வேலியோரம் போய்ப் பீர்க்க மொட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுமை இல்லை.

நாலரைக்கு மேல் வந்தார்கள். நடுவர் அம்மா மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி. எல்லாத் தோட்டத்தையும் பார்த்துக் கடைசியில் எங்களிடம். செயலாளர் என் முகத்தைப் பார்த்தார், அவருக்கே என்னவோ போலிருந்தது. "காலையில நல்லாத்தான் மேடம் இருந்துச்சு. நானே பார்த்தேன்" என்றார். நல்ல மனுஷன், அதை நான் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

நடுவர் அம்மா முள்ளங்கிப் பூவைக் குனிந்து பார்த்தார், அட்டையைப் படித்துச் சிரித்தார். "வித்தியாசமா இருக்கு. ஆனா பூந்தோட்டம்னு சொல்ற அளவுக்கு..." என்று இழுத்தபடி திரும்பினார்.

அப்போது கதவு திறந்தது. அவர் வந்தார். சவரம் செய்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தீபாவளிக்கு வாங்கி, மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்த சட்டை.

"அம்மா, அவசரமில்லீனா கொஞ்ச நேரம் உக்காருங்க. பீர்க்கு இப்பத்தான் கண்ணு முழிக்கும். பொழுது சாயறப்பப் பூக்கற சாதிங்க அது. மொட்டு நுனில மஞ்சத் தட்டிருச்சு, பாருங்க."

அந்த அம்மா உட்கார்ந்தார். அவருடைய நாற்காலியில். நான் சமையலறைக்கு ஓடினேன். காலையில் மூடிய பறங்கிப் பூக்களின் நடுத்தண்டைக் கிள்ளிவிட்டுக் கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டேன். அவசரத்தில் மாவில் மிளகாய்த்தூள் இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

தட்டோடு வெளியே வருகிறேன், வேலி மஞ்சள்! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மொட்டு நெகிழ்ந்து, உதறிக்கொண்டு, விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் நாலு. கொடி நெடுக எரிந்துகொண்டே போவது போலப் பூத்தது. சுரைக்கொடியில் வெள்ளைப் பூ காகிதம் போல மெல்லிசாகப் பிரிந்தது. மாடிகளில் இருந்தவர்கள் எல்லாம் கைப்பிடிச் சுவரில் வந்து நின்றார்கள். லூர்து அக்கா சத்தம் போட்டே ஜெபம் சொன்னார்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார்! எந்தப் பூ ஆண், எது பெண், பெண் பூவுக்கடியில் குட்டிப் பிஞ்சு எப்படி இருக்கும், இரவில் எந்தப் பூச்சி வரும் என்று. நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே, சார் என்ன பண்றீங்க?" என்று நடுவர் அம்மா கேட்டார்.

என் வாய் தானாகத் திறந்தது. "லீவுல" என்று தொடங்கிவிட்டேன்.

"இல்லீங்க. வேல போயிருச்சு" என்றார் அவர். "தீபாவளியோட கம்பெனிய மூடிட்டாங்க. இருபத்தாறு வருசம் இருந்தேன். இப்போதைக்கு இதத்தான் பாத்துட்டிருக்கறேன்."

அத்தனை பேர் முன்னால், மாடியெல்லாம் கேட்க, சாதாரணமாகச் சொன்னார். அந்த அம்மா ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார், காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு செயலாளரிடம், "பூந்தோட்டம்னு எழுதிக்கறேன் சார். இந்த மண்ணுல கை வச்சிராதீங்க" என்றார்.

பரிசு நாலு தெரு தள்ளி இருக்கும் குடியிருப்பின் ரோஜாவுக்குப் போய்விட்டது. போகட்டும். டைல்ஸ் வராது.

எல்லோரும் போன பிறகு நான் இந்த நோட்டை எடுத்தேன். தீபாவளியிலிருந்து எத்தனை பக்கத்தில் 'லீவு' என்று எழுதியிருக்கிறேன்! அவருக்காக எழுதினேன் என்றுதான் நினைத்திருந்தேன். பயந்தது நான்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வடை, முருங்கைக்காய் சாம்பார். உதிர்ந்த முள்ளங்கிப் பூக்கள் இருந்த இடத்தில் பிஞ்சுக் காய்கள் கூர்மையாக எட்டிப் பார்க்கின்றன. அதையும் தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம் என்கிறார் அவர்.

ரசத்தை இறக்கும் நேரத்தில்தான் கொத்தமல்லி நினைவு வந்தது. வாசலில் பாத்தி நிறைய நிற்கிறது, ஆனால் எல்லாம் பூ, கிள்ளிப் போட ஒரு தழை இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

"நீ இரு" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். நான் ஜன்னலிலேயே நின்றேன். லூர்து அக்காவும் அவர் ஜன்னலில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து ஒரு கட்டைக் கையில் கொடுத்தார். வாடல், பாதி மஞ்சள், வேரெல்லாம் சேறு. இதைவிட மோசமான கட்டு அந்தக் கடையிலேயே இருந்திருக்காது. அலசி, ஒரு தழை விடாமல் ரசத்தில் போட்டேன்.